600 வெள்ளிக்குள் கிட்டார் ஆம்ப்: தாமான் வீட்டுக்கும் திருவிழா மேடைக்கும் ஒன்றே போதுமா?

செம்பனை_ஆலை | சனி, இரவு 11.52

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்து பெஸ்தாரி ஜெயாக்காரன். 2007இல் ஊர்ப்பெயரை மாற்றினார்கள், ஆனாலும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது செம்பனை ஆலையில் ஷிஃப்ட் வேலை, குடியிருப்பது பக்கத்துத் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், ஒரு வரிசை வீட்டில்.

என்னிடம் ஒரு ஸ்குவையர் ஸ்ட்ராட் எலக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது. மாமா மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டி இல்லாததால், இதுவரை வீட்டுக் கராவோக்கே செட்டில் மைக் செருகும் இடத்தில் சொருகித்தான் வாசிக்கிறேன். சும்மா வாசித்தால் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மந்தமாக இருக்கிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் போட்டால் டின்னுக்குள் வண்டு புகுந்த மாதிரி.

மாலை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வர இரவு 11 ஆகிவிடும். வாசிக்க எனக்குக் கிடைப்பது அந்த நேரம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று மாதக் கைக்குழந்தை. அதே சமயம், தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நம் பையன்கள் ஆண்டுதோறும் மேடையில் வாசிப்பார்கள். கீபோர்டு, டோலாக், டிரம் பேட் எல்லாம் உண்டு. இந்த ஆண்டு கிட்டாருக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். திறந்தவெளி, வாடகை சவுண்ட் சிஸ்டம்.

கையில் இருப்பது 600 வெள்ளி (ரிங்கிட்). ஓவர்டைம் காசில் சேர்த்தது. மகளின் டியூஷன் கட்டணமும் இதே மாதம் வருவதால் அதற்குமேல் ஒரு வெள்ளிகூட நகராது. இணையத்தில் 100 வாட் ஆம்ப் ஒன்று 550க்குப் பார்த்தேன், கேள்விப்படாத பிராண்டு. திறந்தவெளி என்பதால் 100 வாட் வேண்டும் என்று நினைக்கிறேன். வாங்கலாமா?


ஈப்போ_பெடல் | ஞாயிறு, காலை 8.10

அண்ணே, அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பெயர் தெரியாத பெட்டிகளில் எழுதியிருக்கும் வாட் பல நேரம் ஒரு கண நேர உச்சம்தான். தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவு அதைவிட நிறையவே குறைவாக இருக்கும். அதைவிட முக்கியம், பழுதானால் யாரிடம் கொண்டுபோவீர்கள்?

என் யோசனை வேறு. ஆம்ப்பே வேண்டாம். கிட்டாரைக் கைப்பேசியோடு இணைக்கும் சின்ன இன்டர்ஃபேஸ் ஒன்று, ஒயர் வைத்த ஹெட்ஃபோன் ஒன்று, ஆம்ப் மாதிரி ஒலிக்கும் ஆப் ஒன்று. வீட்டில் குழந்தை எழும்பாது. மேடையில் அதையே நேரே சவுண்ட் சிஸ்டத்தின் மிக்சரில் கொடுத்துவிடலாம். 600இல் பாதிகூடச் செலவாகாது. நான் மூன்று ஆண்டாக இப்படித்தான் வாசிக்கிறேன். புளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டாம். கம்பியைத் தட்டி ஒரு கணம் கழித்துத்தான் காதில் விழும், தாளமே பிடிபடாது.


ஞாயிறு_கிட்டார் | ஞாயிறு, மதியம் 2.35

பந்திங் பக்கத்தில் ஒரு தேவாலயத்தில் பதினொரு ஆண்டாக வாசிக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் இந்த வாட் கணக்கு. வாட் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது. கூடுவது 3 டெசிபல்தான், கொஞ்சம் ஏறியது போலக் கேட்கும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். 10 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் ஸ்பீக்கர் நல்லதாக இருந்தால் ஒரே வாட்டில் 3 டெசிபல் சும்மா கிடைக்கும். 97 டெசிபல் என்று போட்ட ஸ்பீக்கரைக் கழற்றி 100 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டினால், ஆம்ப்பின் வாட்டை இரட்டித்ததற்குச் சமம். அதனால் வாட்டை விட்டுவிட்டு, ஸ்பீக்கர் எத்தனை அங்குலம், பெட்டி கனமான பலகையா என்பதைப் பாருங்கள்.

இரண்டாவது, அண்ணன் திருவிழாவை நினைத்து ஆம்ப் வாங்கப் பார்க்கிறார். திருவிழா ஆண்டுக்கு ஓர் இரவு. அன்றைக்கு வாடகை சவுண்ட் சிஸ்டம் இருக்கிறது, உங்கள் ஆம்ப்புக்கு முன்னால் ஒரு மைக் வைத்தால் மைதானம் முழுக்கக் கேட்கும். மற்ற முந்நூற்றுச் சொச்சம் இரவும் நீங்கள் அந்தச் சுவர் ஓரத்தில்தான் உட்கார்ந்து வாசிக்கப் போகிறீர்கள். அந்த இரவுகளுக்கு வாங்குங்கள்.

ஈப்போ தம்பி சொல்வது நடைமுறையில் சரி. ஆனால் புதிதாக ஒரு குழுவோடு சேர்பவருக்கு, முதுகுக்குப் பின்னால் தன் கிட்டார் சத்தம் தனக்கே கேட்பது பெரிய தைரியம். ஹெட்ஃபோனில் மட்டுமே பழகியவர்கள் மேடையில் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கம்பியை எவ்வளவு அழுத்தித் தட்டுவது என்பது அறையில் காற்று அசைந்தால்தான் கைக்குப் புரியும்.


செம்பனை_ஆலை | ஞாயிறு, இரவு 10.05

ரொம்ப நன்றி அக்கா, தம்பி. 100 வாட் ஆசையை விட்டுவிட்டேன். ஒரு சந்தேகம்: கராவோக்கே செட்டிலும் ஸ்பீக்கர் பெரிசுதான், 10 அங்குலம். அதில் ஏன் இவ்வளவு கேவலமாகக் கேட்கிறது? அதைப் புரிந்துகொண்டால் அடுத்ததைத் தப்பில்லாமல் வாங்குவேன்.


சாலிடர்_கம்பி | திங்கள், காலை 6.40

தம்பி, நான் கிள்ளானில் ரேடியோ, ஆம்ப் பழுது பார்க்கிறவன். நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. நல்ல கேள்வி கேட்டீர்கள், கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

கோளாறு இரண்டு இடத்தில். ஒன்று நுழைகிற இடம். உங்கள் கிட்டாரில் இருப்பது காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். பேட்டரி கிடையாது, அதனால் அதற்குத் தள்ளும் பலம் மிகக் குறைவு. கிட்டார் ஆம்ப்பின் வாசல் சுமார் பத்து லட்சம் ஓம். கிட்டாரிடமிருந்து அது ஏறக்குறைய ஒன்றையும் உறிஞ்சாது. கராவோக்கேயின் மைக் வாசல் அதோடு ஒப்பிட்டால் சில நூறு, சில ஆயிரம் ஓம்தான். சுருளை அமுக்கிவிடும். முதலில் செத்துப்போவது மேல்சுரங்களின் பளபளப்பு. நீங்கள் சொன்ன போர்வை அதுதான்.

இரண்டாவது வெளியேறுகிற இடம். கராவோக்கே பெட்டியில் கீச்சென்ற ஒலிக்குத் தனியாக ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு, மனிதக் குரலின் 'ஸ்', 'ச்' எல்லாம் தெளிவாகக் கேட்க வேண்டுமே. கிட்டார் ஸ்பீக்கர் அப்படியில்லை. ஏறக்குறைய 5,000 ஹெர்ட்சுக்கு மேலே உள்ள கீச்சொலியில் அது கையை விரித்துவிடும். அது குறையில்லை. டிஸ்டார்ஷன் பெடலிலிருந்து வரும் கரகரப்பில் காதைக் குத்தும் பகுதி அந்த 5,000க்கு மேலேதான் இருக்கிறது, கிட்டார் ஸ்பீக்கர் அதை வடிகட்டிவிடும். கராவோக்கே பெட்டி வடிகட்டாமல் அப்படியே காதில் கொட்டும். வண்டு அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே கிட்டாருக்கென்றே செய்த ஆம்ப், கிட்டாருக்கென்றே செய்த ஸ்பீக்கர். 8 அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள்.


வால்வு_பிரியன் | திங்கள், மதியம் 1.15

என் கருத்தையும் பதிகிறேன். காசு குறைவாக இருக்கும்போதுதான் ஒரே தடவையில் நல்லதை வாங்க வேண்டும். டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வு வைத்த பழைய 5 வாட் ஆம்ப் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். நாம் பதிவுகளில் கேட்டு மயங்குகிற கிட்டார் ஒலி எல்லாம் வால்விலிருந்து வந்ததுதான். லண்டனில் டிரம் விற்ற ஜிம் மார்ஷல் 1962இல் தன் கடைக்கு வந்த வாசிப்பாளர்கள் கேட்டதற்காக ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பைப் பார்த்துச் செய்ததுதான் முதல் மார்ஷல். மென்மையாகத் தட்டினால் தெளிவு, அழுத்தித் தட்டினால் தானாகக் கரகரப்பு. அந்தப் பதில் டிரான்சிஸ்டரில் வராது. வாசிக்கிறவன் கையை அது மாற்றிவிடும். எனக்கு மாற்றியது.


சாலிடர்_கம்பி | திங்கள், இரவு 9.30

தம்பி சொல்லும் ஒலியை நான் மறுக்கவில்லை. எனக்கும் வால்வு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பது பிடிக்கும். ஆனால் இவருடைய வீட்டைப் பாருங்கள். வால்வு ஆம்ப் அழகாகப் பேசுவது அதைத் திருகித் திறக்கும்போது. 5 வாட்டைத் திறந்தாலே இரவு 11 மணிக்கு அந்தக் குழந்தை மட்டுமில்லை, வரிசையே எழும்பிவிடும். அடக்கி வாசித்தால் வால்வுக்குக் கொடுத்த காசு வீண்.

அப்புறம் பராமரிப்பு. வால்வு தேயும், மாற்ற வேண்டும். ஸ்பீக்கர் இணைப்பு கழன்றிருப்பதைக் கவனிக்காமல் முழுச் சத்தத்தில் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். உள்ளே 300 வோல்ட் வரைக்கும், சிலதில் அதற்கு மேலும் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். வீட்டில் பெண்பிள்ளை இருக்கிறாள், ஆர்வத்தில் யாரும் பின்பலகையைத் திறக்கக் கூடாது. 600 வெள்ளிக்குக் கிடைக்கும் பழைய வால்வு ஆம்ப் பெரும்பாலும் யாரோ செலவு செய்ய மனமில்லாமல் விற்பதுதான்.


மூன்றாம்_லயம் | செவ்வாய், மாலை 5.20

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தென்னமரம் தோட்டத்துப் பக்கம் இளவயதைக் கழித்தவன் நான். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நட்ட தோட்டம் அது. எங்கள் காலத்தில் லயத்துக்கு மின்சாரம் தோட்டத்து ஜெனரேட்டரில் வரும், இரவு 10 மணிக்கு நிறுத்திவிடுவார்கள். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் விளக்கு ஒருமுறை மங்கி எரியும். அந்த மங்கலைப் பார்த்ததும் கடைசிப் பாட்டின் கடைசிச் சரணத்துக்குத் தாவிவிடுவோம்.

இரண்டு கிட்டார், பாடுகிறவர் மைக், எல்லாம் ஒரே கோயில் ஆம்ப்பில். குழாய் ஸ்பீக்கர். கீழ்க்கம்பி சத்தமே வராது, தகரத்தில் ஆணி தட்டுவது போலத்தான் கேட்கும். பிறகு ஊரில் ஒரு கிராணி (தோட்டத்து எழுத்தர்) தன் மகனுக்கு வாங்கிய சின்ன கிட்டார் ஆம்ப் ஒன்றை ஒரு தீபாவளிக்குக் கடன் கொடுத்தார். 8 அங்குல ஸ்பீக்கர்தான். இ கம்பியைத் தட்டியபோது நெஞ்சில் அதிர்ந்தது. நான் வைத்திருந்தது இப்படிப் பேசக்கூடிய கிட்டார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு முன் ஆறு ஆண்டு அந்தக் கிட்டாரைச் சரியாகக் கேட்கவே இல்லை நான்.

அதனால் சொல்கிறேன், ஹெட்ஃபோன் மட்டும் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். சின்னதாக இருந்தாலும் ஒரு பெட்டி வேண்டும்.


ஞாயிறு_கிட்டார் | செவ்வாய், இரவு 8.45

அண்ணே, நேரே மாடல் பெயருக்கு வருகிறேன். எல்லாம் டிரான்சிஸ்டர் அல்லது டிஜிட்டல்.

புதிதாக என்றால் ஃபெண்டர் ஃப்ரண்ட்மேன் 10ஜி. 10 வாட், 6 அங்குலம், ஹெட்ஃபோன் துளை உண்டு. பழக நல்லது, ஆனால் கீழ்ச்சுரம் மெலிவு. அதைவிட எனக்குப் பிடித்தது ஆரஞ்சு கிரஷ் 20. 20 வாட், 8 அங்குலம், இரண்டு சேனல், ஹெட்ஃபோனில் கேட்டாலும் ஸ்பீக்கர் வழி வந்தது போலவே வடிகட்டிக் கொடுக்கும். எல்லாரும் சொல்லும் பாஸ் கட்டானா 50 அருமையானது. 12 அங்குலம், 50 வாட்டை அரை வாட்டுக்கு இறக்கும் சுவிட்ச்கூட இருக்கிறது. ஆனால் புதிதாக உங்கள் காசுக்குள் வராது.

பழையது வாங்கத் தயங்காவிட்டால் ரோலண்ட் கியூப் வரிசையைத் தேடுங்கள். கியூப் 20எக்ஸ் 8 அங்குலம், கியூப் 30எக்ஸ் 10 அங்குலம். இரும்பு வலை போட்ட முகம், அடி தாங்கும். உள்ளே ஜேசி கிளீன் என்று ஒரு சத்தம் இருக்கும். 1975இல் வந்த ரோலண்டின் ஜேசி 120 ஆம்ப்பைப் போலச் செய்தது. ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்றும் அந்தப் பெரிய ஆம்ப்பைப் பார்க்கலாம், 28 கிலோ கனம். அதன் தெளிவான ஒலி உங்கள் ஸ்ட்ராட்டுக்குப் பொருந்தும், நம் பாட்டுகளில் வரும் ஒற்றைக் கம்பி இழைப்புக்கும் பொருந்தும்.


செம்பனை_ஆலை | வெள்ளி, மாலை 4.18

ஒரு நல்ல செய்தி. ரவாங் பக்கத்தில் ஜப்பான் பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில் ஆம்ப் ஒன்று பார்த்தேன். 12 அங்குல ஸ்பீக்கர், கறுப்புத் தோல் புதுசு மாதிரி இருக்கிறது, விலை 280 மட்டும். பின்னால் எல்லாம் ஜப்பான் எழுத்து, 100 வோல்ட் என்று மட்டும் புரிந்தது. பிளக் இரண்டு தட்டைக் கால். கடைக்காரர், பிளக்கை வெட்டிவிட்டு நம் ஊர் மூன்று கால் பிளக் போட்டால் ஓடும் என்கிறார். நாளை காலை போய் எடுத்துவிடலாமா?


சாலிடர்_கம்பி | வெள்ளி, மாலை 4.31

தம்பி, வேண்டாம். பிளக்கை வெட்டிப் போட்டால் முதல் நொடியிலேயே முடிந்துவிடும்.

நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் 100. இரண்டு மடங்குக்கும் மேல். உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் புகை. இப்படிக் கருகி வந்த பெட்டிகளை என் மேசையில் எண்ணிக்கை இல்லாமல் பார்த்துவிட்டேன். கடைக்காரரும் தெரிந்து ஏமாற்றுவதாக நான் சொல்லவில்லை, பலருக்கு இது தெரியாது.

வாங்கவே கூடாது என்றும் இல்லை. 230ஐ 100ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று நடுவில் வைக்க வேண்டும். ஆம்ப்பின் பின்னால் எத்தனை வாட் இழுக்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து, அதைப்போல இரண்டு மடங்காவது தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் எடுக்க வேண்டும். மின்சாரத்தின் ஹெர்ட்ஸ் பற்றிக் கவலை இல்லை. ஜப்பானின் கிழக்குப் பாதியில் 50, மேற்குப் பாதியில் 60, அதனால் அவர்கள் சாமான் இரண்டிலும் ஓடுகிற மாதிரிதான் செய்வார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் சாமானுக்குத்தான் அதையும் பார்க்க வேண்டும்.

ஆனால் எர்த் இருக்காது. இரண்டு கால் பிளக். கிட்டார்க் கம்பி ஆம்ப்பின் உடம்போடு இணைந்தது, உங்கள் விரல் எப்போதும் அதன் மேல்தான். உள்ளே ஒரு ஒயர் கழன்று உடம்பைத் தொட்டால் அடுத்துத் தொடுவது உங்களை. எர்த் உள்ள ஆம்ப் என்றால் வீட்டு எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்து காப்பாற்றும். டிரான்ஸ்ஃபார்மர் விலை, அதன் கனம், எர்த் போட என்னைப் போன்றவனுக்குக் கூலி எல்லாம் சேர்த்தால் 280 எங்கே நிற்கும்? 230 அல்லது 240 வோல்ட் என்று போட்டு, மூன்று கால் பிளக்கோடு வந்ததைத் தேடுங்கள்.


ஈப்போ_பெடல் | வெள்ளி, மாலை 5.02

ஐயா சொன்னதைக் கேளுங்கள் அண்ணே. என் நண்பனின் எஃபெக்ட் பெட்டி இப்படித்தான் போனது.


செம்பனை_ஆலை | வெள்ளி, இரவு 11.47

ஐயா, இப்போதுதான் வேலை முடிந்து வந்து படித்தேன். கைகூப்பி நன்றி. நாளை போகவில்லை. கம்பியும் ஆம்ப்பின் உடம்பும் ஒன்று என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாது.


ஞாயிறு_கிட்டார் | சனி, காலை 10.20

நல்லவேளை. இனி பழையது பார்க்கப் போனால் இப்படிச் செய்யுங்கள்.

உங்கள் கிட்டாரும் உங்கள் கேபிளும் எடுத்துப் போங்கள். விற்பவரின் கிட்டாரில் கேட்டால் அவர் கிட்டாரைத்தான் கேட்கிறீர்கள். கைப்பேசி விளக்கை வலைக்குள் அடித்து ஸ்பீக்கர் காகிதம் கிழிந்திருக்கிறதா பாருங்கள். கிட்டாரைச் சொருகாமல் ஆம்ப்பை மட்டும் போட்டு, வால்யூமைப் பாதிக்கு வைத்துக் கேளுங்கள். லேசான சீறல் சாதாரணம், கனமான 'ம்ம்ம்' என்றால் உள்ளே கெப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம். ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருகுங்கள். கரகரவென்றால் பயப்பட வேண்டாம், நம் ஊர் ஈரத்துக்கு எல்லாக் குமிழும் அப்படித்தான் ஆகும். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். கேபிள் சொருகும் துளையை ஆட்டிப் பாருங்கள், சத்தம் விட்டு விட்டு வந்தால் சாலிடர் விட்டிருக்கிறது. கடைசியில் அடிக்கம்பியை விரலால் அழுத்தாமல் பலமாகத் தட்டுங்கள். ஸ்பீக்கர் படபடவென்றால் அந்தப் பெட்டி வேண்டாம்.

இதையெல்லாம் அவசரமில்லாமல் இருபது நிமிடம் செய்யுங்கள். சில பழுது சூடேறிய பிறகுதான் தலைகாட்டும். அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள்.


செம்பனை_ஆலை | அடுத்த ஞாயிறு, இரவு 9.15

வாங்கிவிட்டேன்.

முதலில் கோல சிலாங்கூரில் ஒன்று பார்த்தேன். வெளியில் பளபளப்பு. விளக்கு அடித்துப் பார்த்தால் காகிதத்தில் விரல் நீளக் கிழிசல், செலோடேப் ஒட்டியிருந்தது. அக்கா சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தேயிருக்காது.

இரண்டாவது இங்கேயே, பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மலாய்த் தம்பி. படிப்பு முடிந்து கிளந்தான் திரும்புகிறார், தூக்கிப் போக முடியாது என்று விற்கிறார். ரோலண்ட் கியூப் 30எக்ஸ், 240 வோல்ட், மூன்று கால். 420 கேட்டார். ட்ரெபிள் குமிழ் கரகரத்தது, 380க்கு முடிந்தது. இருபது நிமிடம் அவர் அறை வாசலில் உட்கார்ந்து வாசித்தேன். அவரும் தன் கிட்டாரை எடுத்துவந்து கூட வாசித்தார். பிரிய மனமில்லாமல்தான் கொடுத்தார் என்று தெரிந்தது, நன்றாக வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கணக்கு: ஆம்ப் 380, நல்ல கேபிள் 35, ஒயர் ஹெட்ஃபோன் 90, மின்னல் தடுப்பு உள்ள நீட்டிப்புப் பிளக் 45, கான்டாக்ட் கிளீனர் 25. மொத்தம் 575.

நேற்று இரவு ஜேசி கிளீனில் வைத்து, வால்யூம் கால்வாசிகூட இல்லாமல், ஆறு கம்பியையும் ஒருமுறை மெல்ல வருடினேன். மூன்றாம் லயத்து அண்ணன் எழுதியது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. இரண்டு ஆண்டாக இதே கிட்டார்தான் அண்ணே என் கையில் இருந்தது. மகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, 'அப்பா, இது நம்ம கிட்டாரா?' என்றாள்.


மூன்றாம்_லயம் | திங்கள், காலை 7.00

படித்ததும் கண் கலங்கிவிட்டது தம்பி. நன்றாக வாசியுங்கள். ஆம்ப்பைத் தரையில் வைக்காமல் ஒரு நாற்காலியில், காதைப் பார்த்துச் சற்றுச் சாய்த்து வையுங்கள். அடியில் பழைய ரப்பர் பாய் ஒன்று போட்டால் தரை வழியாக அடுத்த வீட்டுக்கு அதிர்வு போவது குறையும். மூலையில் ஒட்டி வைத்தால் அடிச்சுரம் வீங்கும், சுவரை விட்டு முன்னுக்கு இழுங்கள்.


சாலிடர்_கம்பி | திங்கள், காலை 7.25

மின்னல் தடுப்பு வாங்கியது நல்லது, ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். மாலையில் இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பின்பக்கம் திறந்த பெட்டி எதுவானாலும் பல்லி, கரப்பான் பூச்சி குடியேறும். மாதம் ஒருமுறை பாருங்கள்.


செம்பனை_ஆலை | வியாழன், மாலை 3.30

திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதம். சவுண்ட் சிஸ்டம்காரரிடம் பேசினேன். ஆம்ப்பிலிருந்து நேரே ஒயர் எடுத்து மிக்சரில் கொடுக்கச் சொல்கிறார். அக்கா மைக் வைக்கச் சொன்னீர்கள். எது சரி?


ஞாயிறு_கிட்டார் | வியாழன், இரவு 10.10

இரண்டும் ஓடும். ஆனால் உங்கள் கியூபில் ரெக்கார்டிங் துளையும் ஹெட்ஃபோன் துளையும் ஒன்றுதான். அதில் சொருகினால் ஆம்ப்பின் ஸ்பீக்கர் நின்றுவிடும், மேடையில் உங்களுக்கு உங்கள் சத்தம் கேட்காது. மைக் வைக்கச் சொல்லுங்கள். ஷூர் எஸ்எம்57 மைக் அவரிடம் இல்லாமல் இருக்காது, 1965இலிருந்து உலகம் முழுக்க இந்த வேலைக்கு அதைத்தான் வைக்கிறார்கள். வலையை ஒட்டினாற்போல், ஸ்பீக்கரின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில். நடுவுக்கு நேரே வைத்தால் கூர்மையாகக் குத்தும், ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த மென்மையாகும். ஆம்ப் சத்தத்தைக் குறைவாகவே வையுங்கள். மைதானத்துக்குக் கொண்டுபோவது அவருடைய வேலை.


சாலிடர்_கம்பி | வெள்ளி, காலை 6.15

இன்னொன்று தம்பி. மேடைக்கு எந்த மின்சாரம்? ஜெனரேட்டர் என்றால் உங்கள் ஆம்ப்பும் பாடகர் மைக் போகும் மிக்சரும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். வேறு வேறு இடத்திலிருந்து எடுத்து ஒன்றில் எர்த் சரியில்லை என்றால், கிட்டார்க் கம்பியில் விரல் இருக்கும்போது உதடு மைக்கில் பட்டால் ஷாக் அடிக்கும். வாசிக்கும் முன் டெஸ்ட் பென்னைக் கம்பியில் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் வாசிக்காதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.


செம்பனை_ஆலை | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, பிற்பகல் 1.40

திருவிழா நேற்று முடிந்தது. டெஸ்ட் பென் வைத்தபோது எரிந்தது ஐயா. உபயத்துக்குச் சீரியல் லைட் போட்டவர்கள் இழுத்த தனி ஒயரில் எங்கள் பிளக்கைச் சொருகியிருந்தார்கள். மாற்றி, மிக்சர் எடுக்கும் இடத்திலேயே எடுத்தோம், விளக்கு அணைந்தது. அன்று எங்கள் பாடகி பதினாறு வயதுப் பிள்ளை, உதட்டை மைக்கில் ஒட்டித்தான் பாடுவாள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

மைக்கை அக்கா சொன்ன இடத்தில் வைத்தோம். முதல் பாட்டில் கை நடுங்கியது. ஆனால் முதுகுக்குப் பின்னால் என் கிட்டார் கேட்டுக்கொண்டே இருந்ததால் பிடித்துக்கொண்டேன். ஆம்ப் சத்தம் பாதிகூடப் போகவில்லை. தேர் நிற்கும் இடம் வரைக்கும் தெளிவாகக் கேட்டதாகச் சொன்னார்கள்.

இன்னும் ஒரு சந்தேகம். வீட்டில் ட்யூப் லைட் கீழே உட்கார்ந்தால் 'ம்ம்' என்று ஒரு இரைச்சல். கம்பியைத் தொட்டாலும் முழுசாகப் போகவில்லை. ஆம்ப் பழுதா?


சாலிடர்_கம்பி | ஞாயிறு, பிற்பகல் 2.05

ஆம்ப் இல்லை, கிட்டார். ஸ்ட்ராட்டில் இருப்பது ஒற்றைச் சுருள். அது ஆன்டெனா மாதிரி, ட்யூப் லைட்டும் மின் ஒயரும் விடுகிற இரைச்சலை இழுத்துக்கொள்ளும். உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள், ஒரு திசையில் குறையும். எந்தச் சுருள் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பிக்கப் சுவிட்சை இரண்டாவது, நான்காவது இடத்திலும் வைத்துப் பாருங்கள். நடுச் சுருள் எதிர்த்திசையில் சுற்றியதாக இருந்தால் அங்கே இரைச்சல் அடங்கிவிடும்.


செம்பனை_ஆலை | ஞாயிறு, பிற்பகல் 2.20

ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். பாதி குறைந்தது. சுவிட்ச் நான்காவது இடத்தில் முழுசாகவே நின்றுவிட்டது. நன்றி ஐயா.